வயது வரம்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். நெற்றியில் சின்னக் காயம், அவ்வளவுதான். பயப்படாதீர்கள்.

எங்கள் ஆய்வகத்து நெட்டை அண்ணனுக்கு இந்த மாதத்தோடு உதவித்தொகை முடிகிறது. வேறு நிதி கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அவருக்காக இணையத்தில் ஆராய்ச்சி நிதிகளின் தரவுத்தளத்தைத் துழாவியபோது, எங்கள் துறைக்கே அளவெடுத்துத் தைத்தது போல் ஒன்று கிடைத்தது. "அண்ணா, ஓடி வாங்க!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே கடைசி வரிவரை படித்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். அவர் போன மாதம்தான் அதைத் தாண்டினார்.

நாற்காலியைத் தூக்கித் திரையில் அடித்தார். அது சிதறிய பிறகும் அடித்தார். தடுக்கப் போன என் நெற்றியில் நாற்காலிக் கால் பட்டு இரத்தம் கொட்டியது, மூக்குக்கண்ணாடியும் நொறுங்கியது. காவலாளிகள் அவரைக் குப்புறத் தள்ளி, முதுகில் ஏறிக் கையை முறுக்கினார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. "விடுங்க, அவரு என்னை அடிக்கல!" என்று அலறினேன். யார் கேட்டார்கள்?

மருத்துவமனையில் மாவுக்கட்டோடு கிடந்தவர் என் தையலைப் பார்த்து அழுதார். பிறகு, "உனக்கு வயசு இருக்கே, நீ அப்ளை பண்ணு. வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றார். முந்தின நாள் ராத்திரியே, தையல் போட்டுக்கொண்டு வந்த கையோடு, எனக்காகப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அப்பா.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ வேண்டாம், குரல் போதும். கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள். அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடுங்கள். விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். அவர் என்னை அடிக்கவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன்.

உங்கள் மகள்