கண்ணாயியின் பாவாடைத் துணியையும் படச்சுருளையும் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
வே. ஆறுமுகசாமி,
மலேரியா கண்காணிப்புப் பணியாளர்,
பெரக்கரை நாடு, கொல்லிமலை,
சேலம் ஜில்லா.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
கிராமியக் கதைப் பொம்மைப்படப் போட்டி மற்றும் கண்காட்சிக் குழு,
சேலம்.

பொருள்: இரண்டாம் பரிசு பெற்ற ‘ஏழு கூப்பாடு’ என்னும் பொம்மைப்படம் – போட்டி விதி மீறப்பட்டதை மனுதாரரே தெரிவித்தல் – பரிசை ரத்து செய்து, கண்காட்சியில் காட்டாது நிறுத்தி, படத்தையும் பொம்மையின் துணியையும் திருப்பித் தர வேண்டுதல்.

பார்வை: 1. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 14.9.1961.
2. எனது விண்ணப்பங்கள், நாள் 2.6.1962 மற்றும் 9.7.1962.
3. தங்கள் அலுவலகப் பதில், நாள் 25.7.1962.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ராசிபுரம் பக்கத்தைச் சேர்ந்தவன். நான்கு ஆண்டுகளாகக் கொல்லிமலையில் தங்கி, வீடு வீடாகச் சென்று, காய்ச்சல் கண்டவர்களின் இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் வேலை பார்த்து வருகிறேன். படம் எடுப்பது என் தொழிலன்று. காபித் தோட்டத்து மேலாளர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது தமது எட்டு மில்லிமீட்டர் கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கையில் கேமரா இருக்கிறது என்ற பெருமையில், 1961 தை மாதம் தங்கள் குழு வெளியிட்ட அறிவிப்பைப் பார்த்துப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். மக்களிடம் ஏற்கனவே வழங்கிவரும் கதை ஒன்றை, பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, தொழில்முறை அல்லாதவர்கள் படமாக்க வேண்டும் என்பது போட்டி. அதன் ஆறாவது விதி, வழங்கிவரும் கதையில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்பது. இம்மனு அந்த விதியைப் பற்றியது.

2. நான் எடுத்துக்கொண்ட கதை இங்குள்ள பெண்கள் களை எடுக்கும்போது சொல்லுவது. ஒரு தாயும் மகளும் கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போகிறார்கள். மஞ்சு என்னும் மூடுபனி இறங்கி மகள் வழி தவறிவிடுகிறாள். தாய் ஒரு பாறையில் ஏறி நின்று மகளைக் கூப்பிடுகிறாள். ஆறு கூப்பாட்டுக்கும் பதில் குரல் வருகிறது. ஒவ்வொரு முறையும் இன்னும் தொலைவிலிருந்து வருகிறது. ஏழாம் கூப்பாட்டுக்குப் பதில் இல்லை. தாய் தேடிப் போனால், மகள் நின்ற இடத்தில் மகள் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. எல்லோரும் சொல்லும் கதை இவ்வளவே.

3. இதை எனக்குச் சொன்னவர் மாதன் என்பவரின் மனைவி இருசாயி. அவர் சொல்லும்போது மட்டும் முடிவு வேறு. ஏழாம் கூப்பாட்டுக்குப் பதில் வராமல் தாய் அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். அங்கே மகள் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்து அடுப்பு மூட்டி வைத்திருக்கிறாள். “ஏனம்மா இத்தன நேரம்?” என்று கேட்கிறாள். அத்துடன் கதை முடிகிறது.

4. இருசாயிக்குக் கண்ணாயி என்று ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். 1959 கார்த்திகையில் அவளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அதே வாரம் இருசாயியும் காய்ச்சலில் எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தார். குழந்தையைத் தூளி கட்டி நான்கு பேர் முள்ளுக்குறிச்சிக்குச் சுமந்து இறங்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் இறந்துவிட்டாள். உடலை மலைமேல் கொண்டுவர வழியில்லாமல் கீழேயே அடக்கம் செய்தோம். தாய் முகம் பார்க்கவில்லை. மாதனும் நானும் திரும்பி வந்தபோது இருசாயிக்கு மிஞ்சியது மகளின் சீட்டிப் பாவாடை ஒன்றுதான்.

5. இது தெரிந்திருந்தும், ஏன் முடிவை மாற்றிச் சொல்கிறீர்கள் என்று இருசாயியிடமே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. “தெரியாம சொல்றேன்னு நெனைக்காதீங்க சாமி. தெரிஞ்சுதானுங்க சொல்றேன். கதையிலயாவது ஊடு வந்து சேரட்டுமே” என்றார். ஆகவே அவர் சொன்னபடியே படம் எடுப்பதென்று முடிவு செய்தேன். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் முதலில் எடுத்த படம் அவர் சொன்ன கதைதான்.

6. கட்டுக்கம்பியில் உடம்பும், தேன்மெழுகில் முகமும் கைகளுமாகப் பொம்மைகள் செய்தேன். மஞ்சுக்கு இலவம்பஞ்சு. பொம்மையை ஒரு நெல்மணி அகலம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று வைகாசியிலிருந்து ஆடி வரை வேலை நடந்தது. மகள் பொம்மைக்கு மருந்துக்கட்டுத் துணியில் பாவாடை கட்டியிருந்தேன். ஒரு நாள் வந்து பார்த்த இருசாயி, “வெள்ளையா இருந்தா எம்பட புள்ளையாட்டத் தெரியலீங்க” என்றார். மறுநாள் அரக்குச் சிவப்பில் மஞ்சள் பொட்டு வைத்த சாண் அளவுத் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாயியின் பாவாடையில் அவரே கிழித்தது. நான் கேட்கவில்லை. பொம்மைக்கு அதை அவரே கட்டினார். அடுப்பு மூட்டும் காட்சி எடுத்த ஒன்பது நாளும் அவர் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவு மெதுவாக நகர்வதைப் பார்க்கப் பிறருக்குப் பொறுமை இருக்கவில்லை. அவருக்கு இருந்தது.

7. படத்தை அனுப்பினேன். பார்வை ஒன்றில் கண்ட கடிதத்துடன் அது திரும்பி வந்தது. இம்மலையின் தேவனூர் நாட்டிலும் பிற இடங்களிலும் குழு விசாரித்ததில் கதையின் முடிவு கல்தான் என்று தெரியவந்ததாகவும், ஆறாவது விதிப்படி முடிவைத் திருத்தி, நீக்கிய பகுதியைச் சரிபார்ப்பதற்காகவும் பொம்மைகளைக் கண்காட்சிக்காகவும் இணைத்து அனுப்பினால் படம் பரிசீலிக்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. அப்போதே போட்டியிலிருந்து நான் விலகியிருக்கலாம். இருசாயியிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் வீடு என் அறையிலிருந்து இருபது அடி தள்ளி இருக்கிறது. இரண்டும் செய்யவில்லை. மூன்று மாத உழைப்பு வீணாகிவிடும் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு நாளில் புதிய முடிவை எடுத்து ஒட்டி அனுப்பினேன். நீக்கிய பகுதியையும், கேட்டபடி பொம்மைகளையும் சேர்த்தே அனுப்பினேன். வேறு பிரதி எதுவும் என்னிடம் இல்லை.

8. இந்த ஆண்டு சித்திரையில், பரிசு பெற்ற படத்தை எங்கள் ஊரிலேயே காட்டத் தங்கள் குழுவினர் கருவியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தனர். பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, சுவரில் வேட்டி கட்டிப் பகல் இரண்டு மணிக்குக் காட்டினார்கள். கதை சொன்னவர் என்ற முறையில் இருசாயியை முன்வரிசையில் உட்கார வைத்து, சேலை போர்த்துவதாக ஏற்பாடு. முடிவு மாறியிருப்பதை அதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஏழு மாதம் தள்ளிவிட்டேன்.

9. படத்தில் தாய் கூப்பிடும்போதெல்லாம் பார்த்தவர்கள் அனைவரும் “கண்ணூ...” என்று சேர்ந்து கூப்பிட்டார்கள். இருசாயியும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். ஏழாம் கூப்பாடு முடிந்தது. கல் வந்தது. கல்லின்மேல் அந்தச் சீட்டித் துணி கிடந்தது. படம் முடிந்து வேட்டி வெள்ளையானது. அவர் எழுந்து போய் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து, “அடுப்பு எங்கீங்க?” என்று கேட்டார். படம் முடிந்துவிட்டது என்றேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தங்கள் குழுவினர் இதை அறியார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் சேலையைப் போர்த்தினார்கள். அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

10. அன்று மாலையே போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாதன் என்னை உட்காரச் சொன்னார். அவர் ஒன்றும் பேசவில்லை. இருசாயிதான், “உங்க மேல என்னங்க தப்பு? ஊரு சொல்றதத்தானே எடுத்தீங்க. நாந்தான் என்னையே ஏமாத்திக்கிட்டு இருந்தேன்” என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

11. படத்தைத் திருப்பித் தரக் கோரி இரண்டு முறை எழுதினேன். அனுப்பிய பொருள்கள் கண்காட்சி முடியும்வரை குழுவின் உடைமை என்று பார்வை மூன்றில் பதில் வந்தது. செப்டம்பர் 15 முதல் சேலத்தில் பத்து நாள் படம் காட்டப்படும் என்றும், பொம்மைகள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும் என்றும் அதில் தெரிவித்திருந்தீர்கள். பதில் வந்த அதே வாரம், சாமைக் காட்டில் களை எடுத்த ராசம்மாள் என்பவர் என்னிடம் ஒன்று சொன்னார். சித்திரைக்குப் பிறகு கதையே சொல்லாமல் இருந்த இருசாயியைப் பெண்கள் வற்புறுத்திச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னார். கல்லோடு முடித்துவிட்டார். “அப்பறம் புள்ள ஊடு வரலீங்களா?” என்று ராசம்மாள் கேட்டதற்கு, “படத்துலயே வரலியே” என்று சொல்லிவிட்டுக் குனிந்து களை எடுத்தாராம்.

12. கண்காட்சிச் செய்தியை இந்த முறை மறைக்கவில்லை. உடனே போய் அவரிடம் சொன்னேன். அதற்கு அவர், “படத்தப் போடறவங்க போடட்டுங்க. எம்பட புள்ளையோட பாவாடைய மட்டும் கழட்டிட்டுப் போடச் சொல்லுங்க” என்றார். படத்தில் பதிந்த துணியைக் கழற்ற முடியாது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. புரிந்தபின், “அப்படீங்களா” என்று மட்டும் சொன்னார்.

13. எனவே, விதிப்படியே தங்களிடம் முறையிடுகிறேன். நான் ஒரு விதி மீறல் செய்திருக்கிறேன். மேற்படி கதையில் கல் உண்டு. கல்லின்மேல் பாவாடை கிடையாது. பெரக்கரை நாட்டிலோ தேவனூர் நாட்டிலோ யாரும் அப்படிச் சொல்வதில்லை. விசாரித்து உறுதி செய்துகொள்ளலாம். வெறுங்கல்லை மட்டும் காட்டினால் பார்ப்பவர் மனம் அசையாது என்று எண்ணி, பொம்மையின் இடுப்பிலிருந்து அவிழ்த்து நானாகப் போட்டது அது; எடுத்து முடித்தபின் மறுபடி பொம்மைக்கே கட்டினேன். அந்தக் காட்சியைத்தான் நடுவர்கள் தனியே பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஒரு தாய் தன் மகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டது விதி மீறல் என்றால், அந்த மகளின் துணியை எடுத்து நான் கல்லில் போட்டது அதைவிடப் பெரிய மீறல். முதலாவதைக் குழு கண்டுபிடித்தது. இரண்டாவதை நானே தெரிவிக்கிறேன்.

14. ஆகையால், ஆறாவது விதியின்படி என் பரிசை ரத்து செய்யவும், படத்தைக் கண்காட்சியில் காட்டாது நிறுத்தவும், படச்சுருளையும் நீக்கிய பகுதியையும் தரவும், மகள் பொம்மை கட்டியிருக்கும் துணியைத் தவறாமல் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். பரிசுக் கோப்பையும் சான்றிதழும் இத்துடன் வருகின்றன. எல்லாவற்றையும் தர இயலாது என்றால், துணியை மட்டுமாவது தாருங்கள். அது குழுவுக்கு என்னால் அனுப்பப்பட்டது என்றாலும் ஒருபோதும் என்னுடையதாக இருந்ததில்லை. படம் கிடைத்தால் இருசாயி சொன்ன முடிவை மீண்டும் ஒட்டிவிடலாம். அதைப் பார்த்து அவர் பழையபடி கதை சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் கையை விட்டுப் போய்விட்டது.

15. இம்மனுவைத் தபாலில் அனுப்பவில்லை, மாதனே கொண்டுவருகிறார். இதை முழுதும் அவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டினேன். பத்தாம் பத்தியில் தாம் ஒன்றும் பேசவில்லை என்று இருப்பதை மாற்ற வேண்டுமா என்று மாதனிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; சேலம் பார்த்ததில்லை. அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு முறை என்னிடம் கேட்டார். காகிதத்தைக் கொடுத்தால் போதும், எல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வா என்று சொன்னால் அவருக்கு அந்த ஊரில் தங்க இடம் இல்லை. அவர் தாமாக எதுவும் பேச மாட்டார். வாசலில் ஓரமாக நிற்பார். தயவுசெய்து உள்ளே கூப்பிடுங்கள்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வே. ஆறுமுகசாமி

இடம்: பெரக்கரை நாடு, கொல்லிமலை
நாள்: 12.8.1962

மேலே கண்டவை படிக்கக் கேட்டோம்:
மாதன் – இடது கைப் பெருவிரல் ரேகை
இருசாயி – இடது கைப் பெருவிரல் ரேகை