சொல்தா வீட்டு வலது தோள்

மார்ச் 4, செவ்வாய்

விடியலில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். இரண்டு வாளி துணி. காயப்போட மாடிக்குப் போக வேண்டும், அங்கே ஆண்கள் குத்துச்சண்டைப் பயிற்சியில்.

கல்யாணமாகி இந்த மூலக்குளம் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டுச் சட்டம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. கீழே சண்டைப் பேச்சு கூடாது. மேலே குடும்பப் பேச்சு கூடாது. சண்டை தேதி குறித்துவிட்டால் பெண்கள் மாடிக்கே போகக்கூடாது. துணிக்கொடி மேலே இருப்பதால் எனக்கு மட்டும் விசா. ஈர வாளியோடு போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் இப்போதெல்லாம் துணியைக் கொஞ்சம் அதிகமாகவே துவைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஜெகனுக்கு (இனி ஜெ., முழுசாக எழுதக் கை வலிக்கிறது) அடுத்த சனிக்கிழமை சண்டை. எட்டு ரவுண்டு. எதிராளி சென்னைப் பையன். கடைசி இரண்டு சண்டையிலும் ஜெ. தோல்வி. இதுவும் போனால் அடுத்து யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவர் அண்ணன் குமார் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. முப்பத்திரண்டு வயது. குத்துவதைத் தவிர வேறு வேலை பழகாத ஆள்.

மாமனாரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் தெருவில் இது இன்னும் 'சொல்தா வீடு', சிப்பாய் வீடு. குத்துச்சண்டை அவர் பட்டாளத்தில் கற்றுக்கொண்டு வந்தது. பிறகு மாமா, மில் வேலைக்கு நடுவே. பிறகு குமார். காசுக்குச் சண்டை போடும் அளவுக்கு வந்தது ஜெ. மட்டும். வலது கைக் குத்துக்குத் 'துருவா', இடதுக்குக் 'கோஷ்'. பிரெஞ்சாம். ரிங்கில் கத்தினால் எதிராளிக்குப் புரியாதாம். "பிரெஞ்சு படிச்சவன் வந்துட்டா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

நான் வேலை பார்க்கும் நூறடி ரோட்டுக் கடையில் கூட்டம். திருட்டைக் கண்காணிக்க நான் உட்காரும் கேமரா அறையில் ஏசி ரிப்பேர், புழுக்கம். ஒரு அம்மா ஷாம்பூவைப் பைக்குள் போடப் போகிறார் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டது. கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிக்கவே முடியாது. கை எடுக்கும் முன்னால் தோள் எடுத்துவிடும். இந்த வேலையில் நான் கற்ற ஒரே வித்தை.

டீ நேரம். கூட வேலை பார்க்கும் ஷகிலாவோடு ஜெ. போன தடவை தோற்ற சண்டையைப் போனில் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கத் தைரியம் வந்தது இன்றைக்குத்தான்.

ஷகிலா: "இந்தாளு உங்க வூட்டுக்காரரு அடிக்கறதுக்கு முன்னாடியே நவுந்துடறான் பாரேன். ஜோசியம் பாத்துட்டு வந்தானா?"

மறுபடி ஓட்டினேன், மெதுவாக. துருவா போடும் முன் ஜெ.யின் வலது தோள் ஒரு சிட்டிகை கீழே இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும். எதிராளி கையைப் பார்க்கவே இல்லை. தோளைத்தான் பார்க்கிறான். என்னைப் போல.

டீ ஆறிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

போர்வைகளைத் துவைத்தேன். (அத்தை: "நேத்து தான தொவைச்ச?")

மாடியில் ஜெ., குமார், நாற்காலியில் மாமா. போர்வையை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். ஜெ. துருவா, தோள் இறங்குகிறது. குமார் துருவா, அதே தோள், அதே சிட்டிகை. பிறகு மாமா எழுந்து, எப்படிப் போடுவது என்று காட்டினார். எழுபது வயதிலும் கை பளிச்சென்று போகிறது. தோளும் இறங்குகிறது.

இப்போதுதான் விளங்கியது. இந்த வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றவர்கள், ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகியவர்கள். அவர்களுக்கு அது பிசகாகத் தெரியாது. துருவா என்றாலே அப்படித்தான். மூக்கு மாதிரி, குடும்பத்தோடு வந்தது. ஊரே மாமாவை 'ராசியில்லாத சண்டைக்காரர்' என்று சொல்லும். பெரிய சண்டையெல்லாம் தோற்றவர். ராசியாவது ஒன்றாவது.

மெல்ல குமாரிடம் கேட்டேன், தோள் ஏன் அப்படி இறங்குகிறது என்று. "எங்க வூட்டு அடி அப்டித்தான். வெயிட்டு அங்கேர்ந்துதான் வருது" என்றார். பெருமையாக.

யாரிடம் சொல்வது? கீழே பேசக்கூடாது. மேலே நான் பேசக்கூடாது. படிக்கட்டில் உட்கார்ந்து பேசலாமா?

மார்ச் 9, ஞாயிறு

அத்தையோடு பெரிய மார்க்கெட். சங்கரா மீன் விலை கேட்டாலே மூச்சு முட்டுகிறது. நெத்திலி வாங்கினோம். முருங்கைக்காய், மாங்காய். கூட்டத்தில் ஒரு சுமைக்காரர் என் காலை மிதித்துவிட்டு என்னையே திட்டினார்.

வெளியே சர்பத் கடை. இது வீடு இல்லை, சட்டம் இங்கே செல்லாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். தோள், வீடியோ, மாமா, எல்லாம். அத்தை சர்பத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதா" என்றார்.

"எப்டி அத்தை?" என்றேன்.

"உன் மாமனாருக்குக் கோவம் வந்தா மொதல்ல அந்தத் தோளு எறங்கும். எறங்குச்சுன்னா நான் கதவாண்ட போயிடுவேன். பாதி நாளு தப்பிச்சிடுவேன்."

பிறகு கேட்டேன்: "அவரு கிட்ட சொல்லவே இல்லியா அத்தை? ரிங்குல அதனாலதான தோத்துகினு இருந்தாரு?"

"சொன்னா திருத்திக்குவாரு. அப்புறம் எனக்கு எப்டித் தெரியும்?"

சர்பத்தை முழுசாகக் குடித்தார். டம்ளரைக் கழுவும் வாளியில் போட்டார்.

"இப்பவும் அடிக்கறாரா?"

"குமாருக்கு மீசை மொளைச்சதும் நிறுத்திட்டாரு."

"சரி, அவரை வுடுங்க. ஜெகன் உங்க புள்ளை. அவருக்காவது சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ வந்துட்ட." பையைத் தூக்கினார். "கெளம்பு. மீனு கெட்டுப்பூடும்."

ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். பிள்ளை தோற்றாலும் பரவாயில்லை என்று எனக்காக இந்த ரகசியத்தைப் பூட்டி வைத்திருக்கிறார். இதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா? இரண்டுமே செய்யவில்லை. நெத்திலி ஆய்ந்தேன்.

மார்ச் 10, திங்கள்

லீவு. பூண்டு உரிக்க உட்கார்ந்தேன். வழக்கம் போல மாமா பக்கத்தில் வந்து, "குடு பாப்பா, உன் நகம் நோவும்" என்று பாதியை வாங்கிக்கொண்டார். ஒரு வருஷமாக இப்படித்தான். எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர். இன்று அந்த விரல்களையே பார்த்தேன். கோபமாக வந்தது. பூண்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை:
அத்தை அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாரா, யாராவது திருப்பி அனுப்பினார்களா.
மாமா இதை நினைத்துப் பார்ப்பதுண்டா.
ஜெ. சின்ன வயதில் பார்த்திருக்கிறாரா. பார்த்திருப்பார்.
ஜெ. என் மேல் கை ஓங்கியதில்லை. ஓங்க நினைத்ததுண்டா?

கடைசிக் கேள்வி நாளெல்லாம் கூடவே வந்தது, குளியலறை வரைக்கும்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். வைத்திக்குப்பம் பக்கம் சாமிகள் எல்லாம் கடலுக்கு. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாதி நாளில் கடையை மூடிவிட்டார்கள், சீக்கிரம் வீடு.

ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஜெ.க்கு எடை குறைக்கிற வாரம். உப்பில்லை, சோறில்லை, தண்ணீர்கூட அளந்துதான். முகம் சுண்டிக் கிடக்கிறது. அவர் எதிரில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். மனசாட்சி இல்லாத வேலை. அதோடு கேட்டேன்:

"இதுவும் தோத்தா என்னா செய்யப் போறீங்க?"

கீழே, நடுவீட்டில், சண்டைப் பேச்சு. முன்னறையில் மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ஜெ. எழுந்தார். வலது தோள் இறங்கியது. ஒரு சிட்டிகை. நான் பார்த்தேன்.

கை எழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பொழுது சாயும்போது வந்து, "துணி எடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். அவ்வளவுதான்.

தோள் இறங்கியது, கை எழவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? நல்லவர் என்றா? இன்னும் நேரம் வரவில்லை என்றா? பசியில் இருக்கிற ஆளைச் சீண்டிவிட்டு நீதி சொல்ல நான் யார்?

ஆனால் ஒன்று. அந்த நொடியில் என் கால் தானாகக் கதவுப் பக்கம் நகர்ந்திருந்தது. அவர் தோளைவிட என் கால்தான் என்னைப் பயமுறுத்துகிறது. மூன்றே நாளில் பழகிவிட்டதே. அத்தைக்கு எத்தனை வருஷம்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் எடை பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஜெ. வந்ததும் ஆட்டுக்கால் சூப், இட்லி, மறுபடி சூப். முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். வாளி இல்லாமல்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போனை நீட்டி, "அடிக்கறதுக்கு முன்னாடி உங்க தோளு எறங்குது. அவன் அதைப் பாத்துத்தான் நவுந்தான்" என்றேன்.

மாமா: "உனக்கு என்னா தெரியும் பாப்பா? நீ போயி வேலையப் பாரு."

ஜெ.: "இரு நைனா."

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு என்னை எதிரில் நிறுத்தினார், கை எட்டாத தூரத்தில். "துருவா வரப்போவுதுன்னு தோணுனா 'இப்ப'ன்னு சொல்லு." காற்றில் குத்தினார். நான் 'இப்ப' என்றேன், கை கிளம்பும் முன். மறுபடி. மறுபடி. ஒன்றுகூடத் தப்பவில்லை. குமார் தானும் நின்று பார்த்தார். அவருக்கும் 'இப்ப'. மாமா எழுந்திருக்கவில்லை. முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். தோற்ற சண்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. பாவமாக இருந்தது. பாவம் பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

"ஒரு நாள்ல திருத்த முடியாதுடா" என்றார் குமார்.

ஜெ. கொஞ்சம் யோசித்தார். "திருத்த வாணாம். எறக்கிட்டு கோஷ் குடுத்தா?"

என்னை மறுபடி நிறுத்தினார். தோள் இறங்கியது. 'இப்ப' என்றேன். வந்தது இடது கை.

என்னிடம் யாரும் நன்றி சொல்லவில்லை. இறங்கும்போது ஜெ. மட்டும், "அன்னிக்கு அப்டிக் கேட்டது தோளைப் பாக்கத்தானா?" என்றார். பாதி ஆமாம், பாதி இல்லை. ஆமாம் என்றேன்.

மார்ச் 15, சனி

நானும் வருவேன் என்றேன். மாமா நகர்ந்து ஆட்டோவில் இடம் விட்டார். அத்தை வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹாலில் நல்ல கூட்டம், பிளாஸ்டிக் நாற்காலி, வியர்வை நாற்றம். பின்னால் ஒருவர்: "சொல்தா வீட்டுப் பையன், ராசி கெடையாது."

முதல் இரண்டு ரவுண்டில் ஜெ. துருவாவாகப் போட்டார். சென்னைப் பையன் தோளைப் பார்த்துப் பார்த்து விலகினான். நன்றாகப் படித்து வந்திருக்கிறான். ஜெ.க்குப் புருவம் கிழிந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது ரவுண்டு. தோள் இறங்கியது. பையன் விலகினான், நேராக இடது கைக்குள். விழுந்தான். எழுந்தான். "கோஷ், கோஷ்" என்று குமார் கத்துகிறார். ஆறாவதில் மறுபடி அதே. இந்த முறை நடுவர் எண்ணி முடித்துவிட்டார்.

நான் கத்தியதில் தொண்டை போய்விட்டது. இவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. ஜெ. கூட்டத்தில் என்னைத் தேடி, பார்த்து, கையுறையைத் தூக்கினார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதார். ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வெயில். ஜெ. தூங்குகிறார், புருவத்தில் தையல். வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். பிரியாணிக்கு அத்தையும் நானும் சமையலறையில். சென்னையில் இன்னொரு சண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி:

"நீதான் சொன்னியாமே."

"ஆமா அத்தை."

"தோளு இப்ப பொய் சொல்லக் கத்துக்குச்சு. இனிமே எதைப் பாத்து ஒதுங்குவ?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நானும் யோசித்துத்தான் சொன்னேன்.

"தோளைப் பாத்துகினே இருக்கற பொழப்பு எனக்கு வாணாம் அத்தை. அவரு அப்டிச் செய்ய மாட்டாருன்னுதான் நெனைக்கறேன். ஒரு தடவை கை பட்டுச்சுன்னா, நான் போயிடுவேன்."

அத்தை நறுக்கிய வெங்காயத்தை வழித்துப் போட்டார். அடுத்ததை எடுத்துத் தோலை உரித்தார்.

"போறதுன்னா எனக்கும் ஒரு கொரல் குடு" என்றார்.