செலின் பிரெஞ்சில் பேசியது

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மொட்டை மாடியில் என் மனைவி செலின் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சில். நான் ஏறி வந்ததும் வைத்துவிட்டாள். யார் என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்க."

பிரான்சு நம்பர். இது முதல் முறை இல்லை. என்னோடு பேசும்போது இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாலை போன் கடை. கடைக்காரர் நல்ல மனிதர், அதிகம் கேட்கவில்லை.

"புள்ளைங்க போன்ல போடுற ஆப்புதான் சார். வச்சிருக்குறவங்களுக்கே தெரியாது. பேசுறது, போற எடம், எல்லாம் ஒங்க போனுக்கு வந்துரும். ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

இரண்டு என்றேன். எங்களுக்குக் குழந்தை கிடையாது.

செ. குளித்து வருவதற்குள் அவள் போனில் ஏற்றிவிட்டேன்.

வாங்க வேண்டியவை: கொசுவர்த்தி. மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை. போட்டோ எடுக்க வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்கணுமாம்.

நவம்பர் 5, புதன்

இன்னும் மழை. இருபதாம் தேதி பாண்டி பிரெஞ்சுத் தூதரகத்தில் நேரம் கொடுத்துவிட்டார்கள்.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். செ. பிறப்பிலேயே அந்த நாட்டுக் குடிமகள். கல்யாணமாகி ஐந்து வருடம் முடிந்ததால் இனி நானும் குடியுரிமை கேட்கலாம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து போய், ஒன்றாகத்தான் வாழ்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவள் போடாவிட்டால் என் காகிதம் நகராது.

இங்கே வேலையை விட்டாயிற்று. வயலில் என் பங்கைத் தம்பிக்குக் கொடுத்தாயிற்று. சொந்த ஊர் போலகத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. ஆகவே இருபது வரை அடக்கி வாசிக்க வேண்டும்.

முடியவில்லை. கிளினிக்கில் பில் போடும் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் கருக்களாச்சேரிக் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது கேட்டேன்.

"மீன் வாங்க இந்த மழையில கருக்களாச்சேரி வரைக்கும் போகணுமா?"

"அங்க போனேன்னு நான் சொல்லவே இல்லியே?"

"செருப்புல மணலு."

எழுந்து போய்ப் பார்த்தாள். செருப்பில் மணல் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மீன் நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 8, சனி

மூன்று பேச்சு பதிவாகியிருக்கிறது. மூன்றிலும் ஓர் ஆண் குரல். மாட்டினாள்.

ஆனால் எல்லாம் பிரெஞ்சு. குடியுரிமைக்குக் கேட்கும் மொழிச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் டியூஷன் போகிறேன். எனக்குப் புரிந்தது நன்றி, நாளைக்கு, அப்புறம் என் பெயர். என் பெயர் வந்ததும் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எத்தனை தடவை கேட்டாலும் அதே இடத்தில் சிரிப்பு.

வகுப்பு முடிந்து எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தேன். மிஸ் என்னைவிடச் சின்னவர்.

"மிஸ், என் நண்பன் ஒருத்தன். அவன் மனைவி மேல கொஞ்சம் சந்தேகம்…"

"குடுங்க."

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூன்றையும் கேட்டார். நடுவே என் பெயர் வந்திருக்கும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இவரு அவங்க அக்கா வீட்டுக்காரர். அங்கயே பொறந்தவரு, தமிழ் வராது. குழாய் வேல எடுத்துச் செய்யுறாரு. உங்க நண்பர வேலைக்குச் சேத்துக்கச் சொல்லி அவரு மனைவி கெஞ்சுறாங்க. தங்குறதுக்கும் எடம் கேக்குறாங்க."

"எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"அந்தக் குளிர்ல காலையில உங்க நண்பரு எப்படி எந்திரிக்கப் போறாருன்னு."

வேறு யாராவது என்றால் நிம்மதியாக இருந்திருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எம்.காம். எனக்காக ஒரு குழாய்க்காரனிடம் கெஞ்ச இவளிடம் யார் சொன்னது? கள்ளக்காதல் என்றிருந்தால்கூட நான்தான் மேலே நின்றிருப்பேன்.

நவம்பர் 11, செவ்வாய்

விடாத மழை. தெருவில் தண்ணீர். மாமா டிவி முன்னால்.

செ. சோறு போட்டுக்கொண்டே, "ஒங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். பாண்டி போயிட்டு வந்து சொல்றேன்" என்றாள். முகமெல்லாம் மலர்ச்சி. அதை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை.

"என்ன சேதி? சாக்கடைக் குழாய்ல அடைப்பு எடுக்குற வேலையா?"

கரண்டி அப்படியே நின்றது.

"குளிர்ல எந்திரிக்க மாட்டேன்னு சிரிப்பு வேற," என்றேன்.

மேசையில் இருந்த தன் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை.

"ரசம் ஊத்தவா?"

அவ்வளவுதான் கேட்டாள். பயந்துவிட்டாள். இனி வாயைத் திறக்க மாட்டாள். மாமா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

நவம்பர் 12, புதன்

யாருக்கும் போன் பண்ணவில்லை. கிளினிக், வீடு. பாண்டிக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். கொஞ்சம் மிரட்டி வைத்தால் வீடு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது!

நவம்பர் 14, வெள்ளி

வெயில். புதிதாக ஒரு பதிவு. அவள் குரல் மட்டும், நிதானமாக, பிரெஞ்சில். அந்தப் பக்கத்து ஆள் வாயே திறக்கவில்லை. வகுப்புக்கு முன்பே மிஸ் வீட்டுக்கு ஓடினேன்.

மிஸ் கொஞ்சம் கேட்டுவிட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து போட்டார்.

"இது எனக்குப் பேசுறாங்க."

"ஒங்களுக்கா?"

"'வணக்கம் மிஸ்'னுதான் ஆரம்பிக்கிறாங்க. 'இத என் வீட்டுக்காரரு ஒங்ககிட்டதான் தூக்கிட்டு வருவாரு. அவருக்குன்னு வேற யாரு இருக்கா. சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க. தமிழ்லயே சொல்லியிருப்பேன். அடுத்தவங்க வாயால கேட்டாத்தான் அவருக்கு ஒறைக்கும்.'"

போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"மேல சொல்லவா, வேணாமா?"

"சொல்லுங்க."

"'இருவதாம் தேதி நான் வரல. நாங்க ஒண்ணா வாழலன்னு பாண்டிக்கு எழுதி அனுப்பிட்டேன். இன்னையிலேருந்து அது பொய்யும் இல்ல.' அவ்வளவுதான்."

நான் மாட்டியதுகூட இல்லை, தன் காதில் மட்டுமே இருந்த ஹெட்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். என் போனை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"இனிமே கிளாஸுக்கு வருவீங்களா? அந்த எடத்துக்கு ஒருத்தங்க கேட்டுட்டு இருக்காங்க."

வீடு மாமாவுடையது. கேட்டுக்கு வெளியே, பிரான்சுக்கென்று நான் வாங்கிய பெரிய பெட்டி. மேலே அந்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். மாமா நாற்காலியை விட்டு எழவில்லை.

"எல்லாம் வச்சிருக்கு மாப்ள. சரி பாத்துக்குங்க."

செலின் என்று கூப்பிட்டேன். சமையலறையில் மிக்ஸி ஓடியது. நின்றது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஓடியது.

பஸ்ஸில் அந்தப் பெட்டியை ஏற்ற முடியாது. ஆட்டோக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வெளிநாடா சார்?"

போலகம் என்றேன்.