உன் வீட்டில் மட்டும் ஓடிய படம்

பரணிலிருந்து டப்பாவை இறக்கித் திறந்தேன். நீ கொடுத்த சினிமா டிஸ்க் அப்படியே பளபளவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது. ஓடாத சாமானுக்கு இவ்வளவு பளபளப்பு எதற்கு?

என் புத்தி உனக்குத்தான் தெரியுமே. போன வாரம் என் மகள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போகிறாளாம். கடையில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், டிஸ்க் போட இடமே இல்லை. "இப்ப எதுலயும் வர்றதில்லம்மா" என்று சொல்லிக் கடைக்காரர் தனியாக ஒரு டிரைவை எடுத்து நீட்டினார். உள்ளே இருந்ததைக் கழற்றி வெளியே விற்கிறாரோ என்று மகள் காதில் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்று காலை உன் டிஸ்க்கைப் போட்டோம். டிரைவ் கிர்ரென்று முனகிவிட்டு நின்றுபோனது. மகள் கடைக்குப் போன் போட்டாள். "பழசாம்மா? அப்ப டிஸ்க்குலதான் கோளாறு" என்றார் கடைக்காரர். எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தையை நான் உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

செராமிக் கம்பெனியில் நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வேலை அப்படி. சூளையிலிருந்து வரும் கப்புகளை ஒவ்வொன்றாக விரல் கணுவால் தட்டுவோம். கணீரென்றால் அட்டைப்பெட்டிக்கு, டொக்கென்றால் உடைசல் கூடைக்கு. ஒருத்தி கழித்ததை இன்னொருத்தி எடுத்துத் தட்டிப் பார்க்கக் கூடாது என்பது நம் மேசையின் சட்டம். தட்டினால் அவள் காதைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அந்த மேசையில் உட்கார்ந்தே எனக்கு எதைப் பார்த்தாலும் விரிசல் தேடும் குணம் வந்துவிட்டது. "விட்டா சம்பந்தி வூட்டுக்காரங்களயும் தட்டிப் பாப்பீங்க போல" என்பாய்.

ஒரு நாள் மதியச் சோற்று நேரத்தில் பேப்பரில் சுற்றி இதைக் கொடுத்தாய். "அவுரு கல்ஃப்லேந்து வந்திருக்காருக்கா. அங்க வாங்குன படம். உங்களுக்குன்னு எடுத்தாந்தேன்." சும்மா எதற்குக் கொடுக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. கையில் வாங்கியதும் என் விரல் சும்மா இருக்கவில்லை. தட்டினேன். டொக்கென்றது. பிளாஸ்டிக் வேறு எப்படிச் சத்தம் போடும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, விரிசல் என்றே முடிவு கட்டிவிட்டேன். சாயங்காலம் எங்கள் வீட்டுப் பிளேயரில் போட்டால், இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்து அப்படியே நின்றது. எனக்குப் படிக்கத் தெரியாது. மகள் அப்போது ஹாஸ்டலில் இருந்தாள்.

மறுநாள் மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "ஓடாத டிஸ்க்க என் தலையில கட்டிட்டியே? டிஸ்க்குலதான் கோளாறு. நான் தட்டிப் பாத்துட்டேன்."

"அல்லா மேல ஆணையா எங்க வூட்டுல நல்லா ஓடுச்சுக்கா. ஞாயித்துக்கெழம மங்கலம்பேட்டைக்கு வாங்க. அவுரு கொண்டாந்த பொட்டியில போட்டுக் காட்டுறேன்."

"வூட்டுல நல்லது ஒண்ணு வச்சிருப்ப. அதப் போட்டுக் காட்டுவ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உன் முகம் சுண்டிப்போனது. "சரிக்கா. நீங்க கழிச்சா கழிச்சதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பை எடுத்தாய். மேசைச் சட்டத்தை மதித்து நீ வாயை மூடிக்கொண்டாய். நானோ, மடியில் கனம், அதனால்தான் அடங்கிப் போகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். கப்பைப் பற்றி மட்டும் பேசினோம். உன் மகள் நிக்காஹுக்கு நீ பத்திரிகை கொடுத்தாய், நான் வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினேன். உன் வீட்டுக்குள் நான் முதல்முதலாகக் கால் வைத்தது உன் மவுத்துக்குத்தான். பெண்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள், டிவிக்குக் கீழே துணி போட்டு மூடியிருந்த பிளேயரைப் பார்த்தேன். இதிலா ஓடியிருக்கப் போகிறது என்று அப்போதும் நினைத்தேன். சீ, என்ன பிறவி நான்.

இன்று மகள் விடவில்லை. வயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினாள். முன்பக்கம் கரண்டு பற்றவில்லையாம். டிஸ்க் சுற்றியது, படம் வரவில்லை. படம் காட்டும் சாஃப்ட்வேர் இதில் கிடையாது என்று இலவசமாக ஒன்றை இறக்கினாள். "இலவசமா எவன் குடுப்பான்?" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. அதன் பிறகும் படம் வராமல், எங்கெங்கோ தேடி ஒரு பக்கத்தைத் திறந்து படித்தாள்.

"அம்மா, இது கல்ஃப் பக்கம் விக்கிறதுக்குன்னு போட்ட டிஸ்க்கு. ஒவ்வொரு நாட்டுப் பக்கத்துக்கும் ஒரு நம்பர் வச்சிருக்காங்க. நம்ம ஊரு பொட்டியில ஓடாது. இந்த டிரைவுல நம்பர மாத்திக்கலாம், அதுவும் அஞ்சு வாட்டிதான்."

"கல்ஃப்லேந்து கொண்டாந்த பொட்டியில போட்டா?"

"அதுல ஜம்முனு ஓடும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நம்பரை மாற்றினாள். படம் வந்தது.

அதில் ஒரு அத்தைக்காரி. பால்காரரின் சொம்பை மோந்து பார்க்கிறாள். பூக்காரியின் முழத்தைத் தன் கையால் திரும்ப அளக்கிறாள். மருமகள் கொடுத்த காபியைப் புருஷனுக்கு முதலில் கொடுத்து, அவர் பிழைத்துக் கிடக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் குடிக்கிறாள். "அம்மா, இது நீதான்!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. உங்களுக்குன்னு எடுத்தாந்தேன் என்றது இதற்குத்தானா? என்னைக் கிண்டல் பண்ண ஆசைப்பட்டிருக்கிறாய். நான் பார்த்துவிட்டு வந்து உன்னைத் திட்டுவேன், நாள் முழுக்கச் சிரிக்கலாம் என்று காத்திருந்திருக்கிறாய். நான் வந்து உன்னைத் திருடியாக்கினேன்.

விரிசல் கப்பைத் தெரியாமல் பெட்டியில் விட்டால் நமக்குத் திட்டு விழும். நல்லதைக் கழித்ததற்கு ஒருவரும் கேட்டதில்லை. அப்படி எத்தனை கழித்தேனோ. உன்னைக் கழித்தது மட்டும் இனி என்னோடுதான் வரும்.

நீ பொய் சொல்லவில்லையடி. இதை அந்த மேசையில், எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். மகளைத் தவிர யாரும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.