தங்கச்சி பேருக்கு நின்றவள்

சின்னமுடித் தோட்டம், தலவாக்கலை
1955, ஆடி 20

அன்புள்ள மாமாவுக்கு, அம்மாக்கண்ணு எழுதிக்கொண்டது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது எழுதி நீங்கள் தெரிந்துகொண்டால் என் மானம் போய்விடும். இங்கே நான் சேலைக்குள்ளே கால்சட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். காக்கிக் கால்சட்டை. தங்கச்சி மீனம்மா புருஷன் வீரய்யா மரம் விழுந்து போய்ச் சேர்ந்தாரே, பாவம், அவர் விட்டுப்போனது. குளிர் அப்படி. முசிறி வெயிலில் காய்ந்த கட்டை நான். "கடல் தாண்டினா சூடுதான், ஒரு போர்வை போதும்" என்று சொன்னது யார்? நீங்கள்தான். உங்கள் பேச்சைக் கேட்டு நான் உருப்பட்டது எப்போது?

லயம் என்கிறார்களே, அது ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கிடக்கும் பத்து வீடு. வீடு என்பது ஒரு அறை. பக்கத்து அறையில் வேலாயி தும்மினால் இங்கே நான் "நூறாயுசு" சொல்கிறேன். மழை விடுவதே இல்லை. துணி காய்வதில்லை, விறகு எரிவதில்லை, புகை மட்டும் குறைவில்லாமல் வருகிறது. தேயிலை மலையில் அட்டை இருக்கிறது. உங்கள் அம்மா என்னைப் பிடித்த மாதிரி பிடிக்கும். ஆனால் அட்டை சுண்ணாம்பு தடவினால் விட்டுவிடுகிறது.

வந்த காரியத்தைக் கேட்பீர்கள். மீனம்மா எலும்பும் தோலுமாக இருக்கிறாள். ராத்திரி பகல் இருமல். துப்பினதைச் சாம்பலில் மூடுகிறாள். சாம்பல் சிவந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். நான் போய்ச் சோற்றை வடித்தேன்.

காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. தப்பு அடித்ததும் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிடுவார். தொடர்ந்து ஆள் இல்லை என்றால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வேலை போகும், வேலை போனால் அறையும் போகும். புருஷன் இல்லாதவள் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? பொன்னையா கங்காணி நல்ல மனுஷர். ஒருநாள் என்னைப் பார்த்து, "ஏம்மா, அக்காவும் தங்கச்சியும் ஒரே அச்சாத்தான இருக்கீங்க? கம்பளிய இழுத்து மூடிக்கிட்டு வந்து நில்லு. நா குருடன்னு வச்சுக்க" என்றார். போய் நின்றேன். "மீனம்மா!" என்றார் கணக்கப்பிள்ளை. "இருக்கேங்க!" என்று நான் கத்தின கத்தில் மொத்தக் களமும் திரும்பிப் பார்த்தது.

இன்னொன்று. மீனம்மா தாலியறுத்தவள் அல்லவா? அதனால் பெரட்டுக்குப் போகும்போது பொட்டை அழித்துவிட்டு, தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்கிறேன். மலையை விட்டு வந்ததும் முதல் வேலை பொட்டு வைப்பதுதான். கோபப்படாதீர்கள். பகலில் மட்டும்தான் நீங்கள் இல்லை, சாயங்காலம் பழையபடி இருக்கிறீர்கள்.

விசா புரட்டாசியில் முடிகிறது. அதற்குள் அவள் எழுந்துவிடுவாள்.

உங்கள் அருமைப் பெண்சாதி,
அம்மாக்கண்ணு

(மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. சிரிக்க வேண்டாம். உங்கள் எழுத்தும் கோழி கிண்டினதுதான்.)


தண்டலைப்பட்டி
1955, ஆவணி 8

அம்மாக்கண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது. கால்சட்டை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மேலக்கொல்லையில் சோளம் பரவாயில்லை. சமையல் நானே செய்கிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நீ பொட்டை அழித்தாய் என்று படித்ததும் எழுந்து போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். இருந்தது.

நமக்குப் பிள்ளை இல்லை என்று என் அக்கா எனக்கு இன்னொரு பெண் பார்த்தபோது நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. உன் வாய்க்காகத்தான். இப்போது வீட்டில் சத்தமே இல்லை. கன்றுக்குட்டிதான் கத்துகிறது.

புரட்டாசிக்கு வந்துவிடு.

சோலைமலை


சின்னமுடித் தோட்டம்
1955, புரட்டாசி 18

அன்புள்ள மாமாவுக்கு,

வாய்க்காகத்தானா? இதைச் சொல்ல இருபது வருஷமும் ஒரு கடலும் வேண்டியிருந்ததா உங்களுக்கு? படித்துவிட்டு அடுப்பை ஊதுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இங்கே அழுவதற்குப் புகை நல்ல வசதி.

இப்போது சொல்வதை நிதானமாகப் படியுங்கள். மீனம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். தோட்டத்து மருந்துச் சாலையில் காட்டியிருந்தால் நெஞ்சு நோய் என்று எழுதி அன்றைக்கே பேரை வெட்டியிருப்பார்கள். அதோடு, மீனம்மா என்கிறவள் தினமும் பெரட்டில் நிற்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். மலையில் நிற்பவள் ஆஸ்பத்திரியில் எப்படிப் படுப்பாள்? நானும் வேலாயியும் யோசித்தோம். தோட்டத்தைத் தாண்டி, பஸ் ஏறி, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் என் பேரைச் சொன்னோம். என் பாஸ்போர்ட்டைக் காட்டினோம். அந்தப் படத்தில் நான் இருப்பதைவிட அவள்தான் அதிகம் இருக்கிறாள். வந்த இடத்தில் நோயில் விழுந்தவள் என்று விசாவைக்கூடத் தை கடைசி வரை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் பெரிய புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது கடலை வாங்கித் தின்றோம்.

ஆகையால் உங்களுக்கு இப்போது இரண்டு பெண்சாதி. ஒருத்தி கட்டிலில் படுத்துக்கொண்டு "அம்மாக்கண்ணு" என்றால் "ம்" என்கிறாள். மற்றவள் மலையில் நின்று "மீனம்மா" என்றால் "இருக்கேங்க" என்கிறாள். மாப்பிள்ளை முறுக்கு வந்துவிடப் போகிறது, பார்த்து.

சிரித்துவிட்டேன், சரி. ஆனால் போன வாரம் லயத்துக்குப் போலீஸ் வந்தது. விசா முடிந்து தங்கினவர்களையும் கள்ளத்தோணி என்று பிடித்துப்போகிறார்கள். ஒவ்வொரு வாசலாக நின்று சிங்களத்தில் பேர் கேட்டார்கள். "மீனம்மா" என்றேன். சொல்லும்போதே கை தன்னால் நெற்றிக்குப் போனது. சாயங்கால நேரம், மாமா, பொட்டு வைத்திருந்தேன். வேர்வை துடைக்கிற மாதிரி துடைத்தேன். அந்தக் குளிரில் யாருக்கு வேர்க்கும்? நல்லவேளை, கேட்ட போலீஸ்காரருக்குக் குளிர் நடுக்கம் என்னைவிட அதிகம், அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து சாயங்காலமும் வைப்பதில்லை. விளக்கணைத்த பிறகு வைத்துக்கொள்கிறேன்.

அவள் எழுந்து வரட்டும். அவள் பேரை அவளிடம் கொடுத்துவிட்டு, என் பேரை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறிவிடுவேன்.

அம்மாக்கண்ணு


தண்டலைப்பட்டி
1955, கார்த்திகை 12

அம்மாக்கண்ணுக்கு,

இருட்டில் பொட்டு வைக்கிறாய் என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை முடியவில்லை.

தை பத்தாம் தேதி கப்பல் துறைக்கு வந்து நிற்பேன். மீனம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. கொல்லைப்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கிக் கீற்று வேய்ந்திருக்கிறேன். அவர்களுக்கு அது போதும்.

நீ கப்பலை விட்டு இறங்கும்போது முதலில் நெற்றியைத்தான் பார்ப்பேன்.

சோலைமலை


சின்னமுடித் தோட்டம்
1956, மார்கழி 25

மாமாவுக்கு,

செவ்வாய்க்கிழமை நான் செத்துப்போனேன்.

பயப்படாதீர்கள், எழுதுவது நான்தான். சர்க்கார் கடிதம் உங்களுக்கு முன்னால் வந்துவிடக் கூடாதே என்று அவசரமாக எழுதுகிறேன். மீனம்மா போய்விட்டாள். இனி இருமல் இல்லை, அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

ஆஸ்பத்திரியில் "இவளுக்குப் புருஷன் இருக்கானா?" என்று கேட்டார்கள். "இந்தியால இருக்காருங்க" என்றேன். உடனே கூட வந்த வேறு லயத்துப் பெண்கள், "அப்ப கட்டுக்கழுத்தியால்ல போறா! மஞ்சப் பூசிப் பொட்டு வச்சு அனுப்பணும்" என்றார்கள். உள்கதை வேலாயிக்கும் கங்காணிக்கும் மட்டும்தான் தெரியும். வேலாயி என்னைப் பார்த்தாள். நான் ரவிக்கைக்குள்ளிருந்து தாலியைக் கழற்றி, என் தங்கச்சி கழுத்தில் போட்டேன். வீரய்யா போனதிலிருந்து வெறும் நெற்றியாகக் கிடந்தவள், பூவும் பொட்டுமாகக் கல்யாணப் பெண் மாதிரி போனாள். நான் தாலியறுத்தவளாக ஓரத்தில் நின்றேன். யாரும் என்னைப் பூவைத் தொடக்கூட விடவில்லை. (தங்கத் தாலிப் பொட்டைக் கயிற்றிலிருந்து கழற்றிவிட்டுத்தான் போட்டேன். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். மூத்தவள் ராசம்மா காதுக்கு ஆகும்.)

ராசம்மாவுக்கு எட்டு வயசு. குழிக்குப் பக்கத்தில் "அம்மா"வென்று அலறினாள். தோட்டத்துக்காகக் கணக்கப்பிள்ளையும் வந்து நின்றிருந்தார். பிள்ளை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் "பெரியம்மா, பெரியம்மா" என்று அழுதாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மாமா. சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் பாஸ்போர்ட்டை வாங்கி மூலையை வெட்டிவிட்டார்கள். நான் இனி அதை வைத்துக் கப்பல் ஏற முடியாது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சிறை, பிள்ளைகளுக்குத் தெரு. அவர்களைக் கூட்டிவரச் சொன்னீர்கள். இரண்டும் இங்கேயே பிறந்ததுகள். இந்த நாட்டார் "நீ இந்தியா" என்கிறார்கள். இந்தியாவில் கேட்டால் "நீ எந்த ஊர், காகிதம் எங்கே" என்கிறார்கள். காகிதம் இல்லாத பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். சின்னவள் இப்போதே என்னை அம்மா என்கிறாள், அவளுக்கு வித்தியாசம் தெரியாது. நமக்குப் பிள்ளையில்லை என்று ரெண்டு பேரும் கோயில் கோயிலாகச் சுற்றினோம். எனக்கு மட்டும் கிடைத்துவிட்டது. உங்களுக்கு இது அநியாயம்தான்.

சர்க்கார் கடிதம் வரும்போது ஊர் கூடும். நீங்கள் அழ வேண்டும். உங்களுக்கு நடிக்க வராது. கூத்தில் வாயில்காப்போன் வேஷம் கட்டிவிட்டு ராஜாவைப் பார்த்துச் சிரித்தவர் நீங்கள். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.

இனிமேல் உறையில் என் பேரை எழுதாதீர்கள். செத்தவளுக்குக் கடிதம் வந்தால் தோட்டமே பேசும்.

கடைசித் தடவையாக,
அம்மாக்கண்ணு


தண்டலைப்பட்டி
1956, தை 26

மீனம்மாவுக்கு, சோலைமலை எழுதுவது.

உன் அக்கா இறந்த செய்தி வந்தது. கர்ணம் நம் வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். எனக்கு நடிக்க வராது என்று உன் அக்கா எழுதியிருந்தாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

தை பத்தாம் தேதி கப்பல் துறைக்குப் போனேன். போவதில் அர்த்தம் இல்லை என்று தெரியும். சொன்ன நாள் என்பதால் போனேன். கப்பலிலிருந்து இறங்கிய எல்லாருடைய நெற்றியையும் பார்த்தேன். ஒரு அம்மாள் கோபித்துக்கொண்டாள்.

புதைத்த இடத்தைப் பார்க்க விசா கேட்டேன். "செத்தவங்களப் பாக்கல்லாம் விசா கெடையாதுய்யா" என்று சொல்லிவிட்டார்கள்.

சாய்ப்பில் இப்போது கன்றுக்குட்டியைக் கட்டியிருக்கிறேன்.

என் அக்கா மறுபடியும் எனக்குப் பெண் பார்க்கிறாள். துறையூர்ப் பக்கம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் அக்கா இருந்தால் என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும். அதை எழுது. நீ எழுதுகிறபடி செய்கிறேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

சோலைமலை


சின்னமுடித் தோட்டம்
1956, மாசி 14

அன்புள்ள மாமாவுக்கு, மீனம்மா எழுதிக்கொண்டது.

அக்கா புருஷனை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஆகையால் இந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அக்கா என்ன சொல்வாள் என்று கேட்டிருந்தீர்கள். அவள் பொறாமைக்காரி. முதலில் துறையூர்ப் பெண்ணுக்குப் பல் எடுப்பாக இருக்கிறது என்பாள், பார்க்காமலே. இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். மூன்றாம் நாள், "கட்டிக்குங்க மாமா. வாயாடியாப் பாத்துக் கட்டுங்க. ஊமச்சியக் கட்டிட்டு நீங்க ரெண்டு பேரும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க" என்பாள். அவள் சொல்வது இதுதான். எனக்கு நன்றாகத் தெரியும். எழுதிவிட்டேன், செய்யுங்கள்.

வருகிறவளிடம் சொல்லுங்கள்: உங்களுக்குக் குழம்பில் புளி குறைந்தால் வாயால் சொல்ல மாட்டீர்கள், தண்ணீர் அதிகம் குடிப்பீர்கள். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிய அக்காவுக்கு இரண்டு வருஷம் ஆனது.

இனி எனக்கு எழுத வேண்டாம். புதுப் பெண்சாதிக்குக் கொழுந்தியாள் கடிதம் பிடிக்காது. எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காது.

குளிர் பழகிவிட்டது. கால்சட்டையை வெட்டிச் சின்னவளுக்குச் சட்டை தைத்துவிட்டேன். பெரட்டில் இப்போது மெதுவாகத்தான் "இருக்கேங்க" சொல்கிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விளக்கணைத்த பிறகு வேலையும் ஒன்றும் இல்லை. படுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியாள்
மீனம்மா

எழுத மறந்தது: போன மாசம் அக்காவுக்குக் கருமாதி செய்தோம். வடை நான்தான் சுட்டேன். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். எல்லோரும் ஆளுக்கு இரண்டு தின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.