நான் சொல்லாமல் விட்ட முதிரை

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. சேதி நல்லதில்லை. நம் தளபாடப் பட்டறையில் கூட வேலை செய்யும் மார்த்தாவின் கைகளும் வெடித்துவிட்டன.

போன மாதம் லண்டனிலிருந்து இன்னொரு பழைய அலுமாரி திருத்த வந்தது. நீங்கள் தேய்த்த அதே பொன்மஞ்சள் அலுமாரிக்குச் சோடி. தேய்க்கத் தொடங்கிய மூன்றாம் நாள் அவளுக்கு முழங்கை வரை சிவந்து கொப்பளித்தது. மனுசி சும்மா இருப்பாளா? மரத்தைச் சோதிக்கச் சொல்லி முதலாளியோடு ஒரே சண்டை. சீவல் ஒன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள்.

நேற்றுப் பதில் வந்தது. வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுபோன இலங்கைக் காட்டு மரமாம். பெயரைத் தேடிப் பார்த்தேன்: முதிரை, அத்தான். தூள் பட்டால் சிலருக்குத் தோல் வெடிக்குமாம். எலுமிச்சையின் குடும்பமாம், அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள்தான் அன்றே சொன்னீர்களே. இங்கே ஜெர்மனியில், ஹம் நகரத்து டொக்டரின் அறையில், இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு.

"டேய், உவருக்குச் சொல்லு. இது முதிரை. வவுனியா மரக்காலையில இதை அரிஞ்ச ரெண்டு பேருக்கு இப்பிடித்தான் கை வெடிச்சது."

உங்களுக்கு ஜெர்மன் வராது. அந்த அறையில் உங்கள் வாய் நான்தான். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று டொக்டரிடம் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? லண்டன் அலுமாரிக்குள் முதிரை எப்படி வரும், விசர்க்கதை என்று நினைத்தேனா? முதலாளியின் மரத்தில் குறை சொன்னால் இருவருக்கும் வேலை போகும் என்று பயந்தேனா? யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது.

வெளியே வந்ததும் கேட்டீர்கள், "சொன்னனியே?"

"ஓம் அத்தான், சொன்னனான்."

"அப்ப சரி." மறுநாள் போய் அதே அலுமாரியைத் தேய்த்தீர்கள்.

பிறகு முகமும் வீங்கி, லீவு மேல் லீவு எடுத்து, வேலை போயிற்று. அக்கா முதியோர் இல்லத்தில் இரட்டை முறை வேலை செய்தாள். நீங்கள் வீட்டில் கையைச் சொறிந்துகொண்டு இருந்தீர்கள். நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோகும்வரை அவள் வாயில் ஒரே பேச்சுத்தான். இன்னும் மாறவில்லை. போன ஞாயிறு தேத்தண்ணி ஊற்றும்போதும் சொன்னாள்:

"உந்த மனிசன் நல்ல மனிசன்தான். ஆனா வேலைக்குப் பஞ்சி, ஒரே சோம்பல். மரம் எண்டு சாட்டு. டொக்டரே சவர்க்காரம் எண்டுதான் எழுதினவர், அதுக்கு ஆராவது வேலையை விடுவினமே?"

தலையைக் குனிந்து தேத்தண்ணியைக் குடித்தேன். வெட்கங்கெட்டவன்.

வருகிற செவ்வாய் டொக்டரைப் பார்க்க நேரம் கேட்டு டெர்மின் எடுத்திருக்கிறேன். எதற்கு என்று சொல்லாமல் அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் பிறகு என்னைத் தன் வீட்டுக்குள் விடாமல் போகலாம். போகட்டும். நீங்கள் பஞ்சிப்பட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அந்த மேசைக்கு முன்னால் இருந்து, நீங்கள் சொன்னதை டொக்டருக்கு ஜெர்மனில் சொல்வேன். அக்காவுக்குத் தமிழில் சொல்வேன். முதிரை, மரக்காலை, அந்த இரண்டு பேர், எதையும் விடமாட்டேன். இந்த முறை "சொன்னனியே?" என்று நீங்கள் கேட்டால், பொய் சொல்ல மாட்டேன் அத்தான்.

உங்களுக்கு வாயாக வந்த மைத்துனன்,
ரவி