நாக்கைத் தின்னும் பூச்சிக்கு ஒரு பெயர்

என் ஆசை அக்கா,

பழி தீர்த்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

இறுப்பிட்டிக் கடலில் நீங்கள் கண்ட மீன் நினைவிருக்கிறதா? இது என்ன கேள்வி! அது உலகம் அறியாத புது இனம் என்று நிறுவ, செதிலும் முள்ளும் எண்ணியெண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் நீங்கள். அதற்குப் பெயரும் நீங்களே தெரிவு செய்தீர்கள். உங்கள் பேராசிரியர் அந்தப் பெயரைக்கூட மாற்றவில்லை. பெயர் சூட்டியவர் என்ற இடத்தில் தன்னை மட்டும் போட்டு வெளியிட்டார். நீங்கள் நியாயம் கேட்கப் போனபோது நானும் கூட வந்தேன்.

"அச்சில வந்திட்டுது பிள்ளை. இனி மாத்த ஏலாது."

அவ்வளவுதான் சொன்னார். புற்றுநோய் உங்களைக் கொண்டுபோன அன்று மலர்வளையத்தோடு வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா. எனக்கு வயிறு எரிந்தது, அக்கா. இன்னும் எரிகிறது.

நானும் உங்கள் வழிக்கே வந்தேன். மீன்களில் ஒட்டி வாழும் பூச்சிகள்தான் என் ஆராய்ச்சி. போன வருடம் உங்கள் மீனின் வாயைத் திறந்தால், உள்ளே ஒருவரும் விவரித்திராத பூச்சி. மீனின் நாக்கைத் தின்றுவிட்டு, அந்த இடத்தில் தானே நாக்காகக் குந்தியிருந்தது. யார் பெயரை வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை.

"ஒரு புது உயிருக்கு உங்கட பேர் வைச்சிருக்கிறன், சேர்" என்றேன் பேராசிரியரிடம்.

"உமக்கு நல்ல மனசு பிள்ளை. உம்மட அக்காவை மாதிரி இல்லை" என்றார்.

பாராட்டு விழாவே வைத்துக்கொண்டார். மாலையும் கழுத்துமாக நின்று என் கட்டுரையை அவரே வாசித்தார். முன்கூட்டி வாசித்திருக்கவில்லை. மற்றவர் எழுதியதில் பெயர் போட்டுத்தானே அவருக்குப் பழக்கம்! 'நாக்கைத் தின்று' என்ற இடத்தில் வாசிப்பை நிறுத்தி, அந்த வரியைத் திரும்பப் பார்த்தார். பின்வரிசையில் உங்களோடு படித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியும்.

மறுநாள் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அந்தப் பேரை மாத்த ஏலாதோ?"

"அச்சில வந்திட்டுது, சேர். இனி மாத்த ஏலாது."

"மன்னிச்சு விடு மகள், நாங்கள் பூசைக்குப் போற சனம்" என்கிறா அம்மா. என்னால் முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் ஏசியிருப்பீர்களோ, சிரித்திருப்பீர்களோ?

ஒன்று மட்டும் சத்தியம். அவர் செத்தால் அஞ்சலிக் கட்டுரை என்னிடம்தான் கேட்பார்கள். எழுதுவேன். அந்த மீனைக் கண்டவர் நீங்கள் என்று முதல் வரியில் எழுதுவேன். பூச்சிக்கு இரண்டாவது வரி.

உங்கள் கோபக்காரத் தங்கச்சி,
கரம்பொன் ஊரிலிருந்து